இட்லிப்பூவுக்கு மீன் தண்ணி

ஆவடியிலிருந்து பாடிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இளையவள் சொன்ன ஒரு விஷயம் காதில் விழுந்ததும் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

“இட்லிப்பூ செடிக்கு இப்பல்லாம் மீன் கழுவுன தண்ணிதான் ஊத்துறேங்கா.”

“பூச்செடிக்கா? மீன் தண்ணியா?”

“இன்னா பண்றது? வருசம் பூரா பச்சையா கீதே, கொத்துக் கொத்தா பூக்குதேன்னு ஆசையா காம்பவுண்டு ஓரமா வெச்சேன். வெடியறதுக்குள்ள யாரோ வெளியேருந்து கைய உட்டு, ஒரு கொத்து உடாம பறிச்சுகினு பூட்றாங்க. சாமிக்குதான் பறிக்கிறாங்க போல. மீன் தண்ணி ஊத்துன பூவ எந்த சாமிக்கு வெப்பாங்கன்னு பாக்குறேன்.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்பத்தூர் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எப்பலேர்ந்து ஊத்துற?”

“ஏங்கா?”

“சும்மாதான் கேட்டேன். கிருத்திகைக்கு முன்னாடியா, அப்பாலயா?”

இளையவள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, முன்முடியைச் சீவி, திரும்ப உள்ளே வைத்தாள்.

“இன்னும் ஊத்தவே இல்லக்கா. நம்ம தெருவுல எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லிகினு வர்றேன். எப்பலேர்ந்துன்னு கேட்ட மொத ஆளு நீதான்.”