ஈரக் கட்டை

தொடாதீங்க மெலான்சோன் சார், கை கறுப்பாயிடும். பூஞ்சணம். வெள்ளம் முழங்கால் வரைக்கும்தான் வந்துச்சு, வாஸ்தவம். ஆனா சுவரா அடிச்சிருக்கிற இந்த ஜிப்சம் போர்டு இருக்கே, தண்ணிய அதுபாட்டுக்கு மேல இழுத்துக்கும். அதான் நாலடிக்கு அறுத்து எடுத்துட்டேன். ஹாலு, படுக்கையறை, ஒரு சுவரு பாக்கியில்ல.

புது போர்டா? வண்டியிலதான் கெடக்கு. இப்ப மாட்ட முடியாது. இங்க பாருங்க, ஈரம் பாக்குற மீட்டர, போர்டுக்குப் பின்னால நிக்கிற இந்த மரக்கட்டையில குத்துறேன். இருபத்தெட்டு சதவீதம் ஈரம். பதினஞ்சுக்குக் கீழ எறங்கினாத்தான் மூடணும். மூணு வாரமாவது ஃபேனு ஓடணும்.

தெரியும் சார், சனிக்கிழமை பொண்ணுக்கு இந்த ஹால்லதான் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நியூ ஆர்லியன்ஸ்ல பெரிய எடமாமே. வரட்டும். வெறுங்கட்டைக்கு நடுவுல நின்னு மோதிரம் மாத்திக்கட்டும்.

என்ன சொன்னீங்க? மூடிட்டு பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப்போகுதா? அடடா, அதே பேச்சு. நாலு வருஷத்துல ஒரு எழுத்து மாறல.

வேற ஆளா? தாராளமாக் கூப்பிடுங்க. இந்த ஊர்ல போர்டு மாட்டுறவன் மொத்தமே ஆறு பேரு. காலைல டோனட் கடையில அத்தனை பேரையும் பாத்துப் பேசிட்டுத்தான் வந்தேன். நீங்க ரெண்டு மடங்கு குடுத்தாலும் ஒருத்தன் வரமாட்டான்.

கத்தாதீங்க. உங்க இஷ்டப்படியே மூடிட்டுப் போயிருக்கலாம், அந்த ஆசையும் வந்துச்சு. ஆனா இந்த வீட்ல உங்க சம்சாரமும்தான மூச்சு விடுறாங்க. அவங்க என்ன பாவம் செஞ்சாங்க? எனக்கு நீங்க ஒருத்தர் ஊர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னாப் போதும்.

என் மூஞ்சி ஞாபகம் வரலையா? ஆத்தோரத்துல உங்க வாடகை வீடு, போன வெள்ளத்தப்ப நான்தான் குடியிருந்தேன். கட்டை ஈரமா இருக்கு, மூணு வாரம் பொறுங்க சார்னு கெஞ்சினேன். மூடு, இல்லாட்டி காலி பண்ணுன்னீங்க. போக எடமில்ல. நல்லாத் தெரிஞ்சிருந்தும் என் கையாலயே ஸ்க்ரூ முடுக்கினேன்.

அந்தச் சுவத்துப் பக்கம்தான் ஈவெட் தலைவெச்சுப் படுப்பா. என் பொண்டாட்டி. ஆஸ்துமா அவளுக்கு, பூஞ்சணம் ஆகவே ஆகாது. மார்ச்சுல போயிட்டா.

என்ன சார், உக்காந்துட்டீங்க? கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கே.