அசல் சிப்

பழைய சிப்பைப் போர்டிலிருந்து எடுக்கும்போது அவசரப்படக் கூடாது, ஐயா. ஒரு முனையைச் சற்றுத் தூக்கி, பிறகு மறுமுனையைத் தூக்கி, மாற்றி மாற்றி நெம்ப வேண்டும். இல்லாவிட்டால் கால்கள் வளைந்துவிடும். நான் இதுவரை ஒன்றைக்கூட வளைத்ததில்லை.

சித்தப்பாவின் விளையாட்டுக் கூடத்தில், காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. விண்கலம் சுடும் ஆட்டத்தின் போர்டு செத்துப்போனது. அதன் மூளையான சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. காயலான் கடைகளில் தேடினேன். பழைய பில் மெஷின்களைப் பிரித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சித்தப்பா ஓர் எமுலேட்டர் வாங்கி வந்தார். உள்ளங்கையளவு கணினி, பழைய போர்டு போலவே நடிக்கும்.

"அதே படம், அதே சத்தம். இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

"பொத்தானை அமுக்கினா கொஞ்சம் லேட்டா சுடுது சித்தப்பா."

"அது உனக்கு மட்டும்தான் தெரியும். சிப் கிடைக்கலைன்னா எல்லா போர்டையும் எடைக்குப் போட்டுட்டு இதையே மாட்டிடலாம்."

மாடி அறையில் குடியிருந்த நர்ஸ் அக்கா சிரித்தாள். இரவு வேலைக்குக் கிளம்பும்முன் ஓர் ஆட்டம் ஆடுவது அவள் வழக்கம். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாண்டி," என்றாள்.

மாடிப்படிக்குக் கீழே கட்டடத்தின் தீ எச்சரிக்கைப் பெட்டி இருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே அதே சிப். அந்த மணி ஒருநாளும் அடித்ததில்லை. ஆட்டமோ தினமும் நடப்பது. எதற்கு சிப் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

எடுத்துக்கொண்டேன். காவலாளி அண்ணன் அவ்வப்போது வந்து, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்பார். அதனால் விளக்குக்கு நேராக மின்சாரம் கொடுத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "அது பாட்டுக்கு இருக்கு," என்று போனார்.

சரிசெய்த பெட்டியில் அக்கா ஆடினாள். "இப்பவும் அப்படியேதான் இருக்கு," என்றாள். நான் வருத்தப்படவில்லை.

பகலில் அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவாள். "கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேன். அந்த மணி அடிச்சாத்தான் உண்டு," என்பாள். அதுவும் எனக்குத் தெரியும். மறைக்க விரும்பவில்லை.

ஒரு பிற்பகல், பின்னாலிருந்த சலவைக் கடையில் தீப்பிடித்தது. புகை படிக்கட்டில் ஏறுவதைப் பார்த்தேன். முதலில் போர்டைக் கழற்றினேன். ஒரு திருகாணி இறுகியிருந்ததால் சற்று நேரமானது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். சித்தப்பா உள்ளே ஓடப் பார்த்தார்; ஒரு கையால் அவரைப் பிடித்தேன்.

"விடு என்னை. மேல நர்ஸ் பொண்ணு தூங்குது."

"மணியே அடிக்கலையே சித்தப்பா. புகை அங்க போயிருக்காது."

அவர் நின்றுவிட்டார். என் பேச்சை அவர் எப்போதும் நம்புவார்.

தீயணைப்பு வீரர்கள் அக்காவைப் போர்வையில் சுற்றி இறக்கினார்கள். பஞ்சு காதிலேயே இருந்தது.

ஆட்டப் பெட்டி கருகிவிட்டது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை; வேறொரு பெட்டியில் பொருத்திவிட்டேன். பொத்தானை அமுக்கிய கணமே சுடுகிறது. இன்னும் கொஞ்ச நாள் ஆடியிருந்தால் அக்காவுக்கும் அந்த வித்தியாசம் புரிந்திருக்கும்.