மல்லாட்டை மூட்டையும் ரெண்டு ஸ்பீக்கரும்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வீட்டில் இருக்கும் ஹோம் தியேட்டருக்கு இன்னும் ஸ்பீக்கர் வாங்கத் திருவண்ணாமலைக்குப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. பிள்ளைகளே, அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் என் காதை அந்தப் பக்கம் இழுத்தது.

"நீங்க படம் பாக்கறதுக்காக மல்லாட்டை போட்டு எலி வளக்கிறோம்."

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

"மெதுவா பேசு. ஹால்ல மூட்டை அடுக்கி இருக்கறதாலதான் சத்தம் எதிரொலிக்காம இருக்குது. வித்துட்டா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும்."

"சரி, இன்னைக்கு எது வாங்கப் போறீங்க?"

"தரையில வைக்கிற பெரிய பெட்டி. படத்துல இடி இடிச்சா வயித்துல அதிரும்."

"எனக்கு ஒண்ணும் அதிர வேணாம். பின்னால வைக்கிற சின்ன ஸ்பீக்கர் ரெண்டு வாங்குங்க."

"உனக்கு ஏன் அது மேல இவ்ளோ ஆசை?"

"அதை மாட்டணும்னா பின்சுவத்துல இருக்கிற மூட்டைய எடுத்துதானே ஆவணும்."



"மூட்டை போயிட்டா சத்தம் கெட்டுடுமே."

"மல்லாட்டைய உடைச்சு உள்ள இருக்கிற பயிரை மட்டும் விப்போம். தோலைச் சாக்குல ரொப்பி, பக்கத்துச் சுவத்துல அடுக்கித் தரேன்."

"அப்ப சின்னதே ரெண்டு வாங்கிடலாம். ஆனா தோல் மூட்டைக்கும் எலி வருமே?"

"வராதுங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு எலிக்குத் தெரியும். உங்க ஸ்பீக்கருக்குத்தான் தெரியாது."