மகனுக்கும் சேர்த்துச் சட்டம் எழுதியவர்

இந்தக் கூட்டத்திற்குத் தலைமையேற்றிருக்கும் எங்கள் வழக்கறிஞர்களின் மூத்த சகோதரி நஜாத் அவர்களே! மனைவி கல்தூமை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டுக் கதவைத் தாண்டாதிருந்து, இன்று எங்களுக்காக இந்த மேடையில் வந்து அமர்ந்திருக்கும் என் நண்பர் மொக்தார் அவர்களே! கல்தூம் ஷெம்லியின் இயக்கத்தைச் சேர்ந்த சகோதரர்களே, சகோதரிகளே! அந்த இயக்கத்தோடு வாழ்நாள் முழுக்கச் சண்டையிட்டும் இன்று இங்கே வந்திருக்கும் என் இடதுசாரித் தோழர்களே! யாரும் அழைக்காமலே வந்து, பின்னால் நின்று நான் சொல்வதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் அரசாங்கத் தம்பிகளே! உங்கள் அனைவர் மீதும் அமைதி உண்டாகட்டும்.

காபிஸ் நகரில் எத்தனை மண்டபங்கள் இருக்கின்றன? நாங்கள் கேட்ட ஒவ்வொன்றிலும் திடீரென்று பழுதுபார்க்கும் வேலை தொடங்கிவிட்டது. கடைசியில் மொக்தாரின் உறவினர் தம் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார். அதனால்தான் நீங்கள் தங்க நாடா கட்டிய நாற்காலிகளில் அமர்ந்து அழவேண்டியதாயிற்று. உஸ்தாதா, வக்கீலம்மா என்று நாமெல்லாம் அழைத்த கல்தூம் இருந்திருந்தால் இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருப்பார்.

என்னை ஏன் பேசச் சொன்னார்கள் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நான் தொழுகையில்லாதவன். அது ஊருக்கே தெரியும். அரசியலமைப்பை எழுதிய மன்றத்தில் நான் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தவன். அவருடைய கட்சி கொண்டுவந்த பாதிக்கு மேற்பட்ட திருத்தங்களை எதிர்த்து வாக்களித்தவன். அந்த வாக்குகளில் ஒன்றைக்கூட இன்றும் நான் திரும்பப் பெறமாட்டேன். அப்படிப்பட்ட நான் ஏன் இங்கே நிற்கிறேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பழைய ஆட்சியில் தலையில் துணி போட்ட பெண் வழக்கறிஞருக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. ஒருநாள் நீதிபதி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "அந்தத் துணியை எடு, இல்லேன்னா வெளிய போ!" கல்தூம் கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போனாரா? போகவில்லை! தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்குக்காரர்கள் அங்கேயே வந்தார்கள். அவர் வாதத்தைத் தயாரித்துக் கொடுப்பார். எங்களில் ஒருவர் உள்ளே போய் அதைப் பேசிவிட்டு வருவார்.

முதல் தடவை நான் உள்ளே போய்ப் பேசித் திரும்பியபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தோழரே, நடுவுல ஒரு பத்தியை முழுங்கிட்டீங்க?"

"அதுல 'இறைவன் சாட்சியாக'ன்னு எழுதியிருந்தீங்க உஸ்தாதா. என் வாயில வரல."

"வரலேன்னா விடுங்க. அடுத்த வரியில சாட்சியோட விலாசம் இருந்துச்சே, அதையும் ஏன் விட்டீங்க? அதுகூட உங்களுக்கு மார்க்கமா தெரிஞ்சுதா?"

அந்த வழக்கு யாருடையது தெரியுமா? இதோ அமர்ந்திருக்கிறாரே, மொக்தார், அவருடையது. தடைசெய்யப்பட்ட இஸ்லாமிய இயக்கத்தில் இருந்தார் என்பதுதான் குற்றம். கணவரின் வழக்கை நீதிமன்றத்துக்குள் நின்று நடத்தக்கூட அந்தப் பெண்ணை விடவில்லை. மொக்தார் சிறைக்குப் போனார். கைப்பிள்ளை அனீஸை மடியில் வைத்துக்கொண்டு அதே தாழ்வாரத்தில் கல்தூம் அடுத்த வழக்கை எழுதினார்.

பிறகு புரட்சி வந்தது. ஆண்டவன் தந்தான் என்றார் அவர். மக்கள் தந்தார்கள் என்றேன் நான். அவருடைய இயக்கம் கட்சியாயிற்று. இருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, தலைநகர் துனிஸில் உரிமைகள் குழுவின் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே அவருடைய கட்சிப் பெரியவர் ஒருவர் ஒரு வரி கொண்டுவந்தார். பெண் ஆணை நிறைவு செய்பவள் என்று அரசியலமைப்பில் எழுதவேண்டுமாம். நாங்கள் வாய் திறக்குமுன் கல்தூம் திறந்துவிட்டார்.

"நிறைவு செய்யறவளா? நான் என்ன, குஸ்குஸ் சோத்து மேல ஊத்துற குழம்பா?"

"கல்தூம், இது மார்க்கத்துல உள்ளது."

"எந்த வசனம்? சொல்லுங்க ஐயா, எழுதிக்கறேன். நானும் ஓதினவதான்."

குழுவில் அந்தச் சொல் தோற்றது.

அது சிறிய சண்டை. பெரிய சண்டை பின்னால் வந்தது. சட்டங்களுக்கெல்லாம் ஷரியாவே மூலம் என்று எழுது என்று கேட்டு மன்றத்தின் வாசலில் கறுப்புக் கொடிகளோடு கூட்டம் நின்றது. அவருடைய கட்சியிலும் பெரும்பாதி அதைத்தான் கேட்டது. அவர் மட்டும் என்ன, மார்க்கத்தில் நம்பிக்கை இல்லாதவரா? ஐந்து வேளையும் தொழுதவர்! குழு கூடியிருக்கும்போதே எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து என்னைத் திட்டியவர்! அவர் தம் கட்சிக்காரர்களிடம் சொன்னதைப் பிறகு என்னிடமும் சொன்னார்:

"அந்தச் சொல்லை எழுதிட்டா நாளைக்கு அதுக்கு அர்த்தம் சொல்லப்போறது யாரு? நீங்களா, நானா? எவன் கையில போலீஸ் இருக்கோ அவன். என் மார்க்கத்தை நான் போலீஸ்காரன் கையில குடுக்கமாட்டேன்."

இதைக் கேட்டுவிட்டு நான் அவர் என் பக்கம் வந்துவிட்டதாக நினைத்தேன். அரசுக்கு மதமே வேண்டாம், முதல் பிரிவில் இருக்கும் அந்தச் சொல்லையும் எடுத்துவிடுவோம் என்றேன். பிடித்துக்கொண்டார் என்னை!

"உங்க ஆளுங்க இத்தனை வருஷமா மதத்தை வெளியதானே நிறுத்தி வெச்சாங்க? என்னையும் சேர்த்து, தாழ்வாரத்துல!"

"அவங்க என் ஆளுங்க இல்ல உஸ்தாதா. என்னையும்தான் உள்ள தள்ளினாங்க."

"சரி, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே ஜெயிலுக்குப் பயந்துதான் எழுதறோம். பேனாவை எடுங்க" என்றார்.

பெரியோர்களே! அரசியலமைப்பு என்றால் என்ன என்று எத்தனையோ பேராசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நாட்களில் ஒரு பள்ளிவாசலின் போதகர் தய்யிப் ஹம்ரூனி என்று என் பெயரைச் சொல்லி, நான் மார்க்கத்தை விட்டவன், என் ரத்தம் ஆகுமானது, என்னைக் கொல்லலாம் என்றார். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஜனங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த முற்றத்தில், கல்தூம் அந்தப் போதகரின் வழியை மறித்து நின்றார்.

"தய்யிப் ஹம்ரூனி நெஞ்சைப் பிளந்து பாத்தீங்களா?"

"அவன் தொழுறதில்லம்மா."

"அது அவருக்கும் ஆண்டவனுக்கும் உள்ள பேச்சு. நடுவுல உங்களுக்கு என்ன வேலை?"

மறுவாரம் குழுவில் அவர் ஒரு வாசகம் கொண்டுவந்தார். மனசாட்சியின் சுதந்திரத்தை அரசு காக்கும். எவரும் எவரையும் மதத்தை விட்டவர் என்று அறிவிக்கத் தடை. எதிர்க்கட்சிக்காரனுக்காக இயக்கத்தை விற்றுவிட்டாள் என்றார்கள் அவர் பக்கத்தில். இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்றார்கள் என் பக்கத்தில். இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினார்.

இப்போது நான் சொல்லப்போவது மொக்தார் அனுமதித்ததால் சொல்கிறேன்.

அந்தப் போதகரின் பேச்சைக் கேட்கப் போய்க்கொண்டிருந்த இளைஞர்களில் அனீஸும் ஒருவன். தாழ்வாரத்தில் தாயின் மடியில் வளர்ந்த அதே அனீஸ். அரசியலமைப்பு மீதான வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு அவன் காணாமற்போனான். லிபியா வழியாகச் சிரியாவுக்குப் போய்விட்டான். போகும் வழியிலிருந்து கைபேசியில் ஒரு குரல் பதிவு அனுப்பினான். கல்தூம் அதை எனக்குப் போட்டுக் காட்டினார். "எங்கம்மா படைச்சவன் சட்டத்தை விட்டுட்டு மனுஷன் சட்டம் எழுதறவ. அவ காஃபிர். அவ எனக்கு யாரும் இல்ல" என்றது அந்தக் குரல்.

வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், நாங்கள் ஒத்துழைப்போம் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கு? இப்பதான் அது எதுக்குன்னு எனக்கே நல்லா புரியுது" என்றார். உள்ளே போனார். கை தூக்கினார். சட்டம் நிறைவேறியது. மன்றமே எழுந்து நின்று நாட்டுப்பண் பாடியது. எதிரிகள் கட்டிப்பிடித்து அழுதோம். அவர் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சில ஆண்டுகள் கழித்து அனீஸ் திரும்பி வந்தான். வந்த இடத்திலேயே பிடித்தார்கள். விசாரணையில் நகங்களைப் பிடுங்கி ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். செய்ததும் செய்யாததும் அதில் இருந்தன. அவனுக்காக யார் வாதாடுவது? ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. தாயே அங்கி அணிந்து வந்து நின்றார்.

அவன் கூண்டுக்குள்ளிருந்து கத்தினான்: "இந்தக் கோர்ட்டை நான் ஏத்துக்கல! இந்தப் பொம்பளையையும் ஏத்துக்கல!"

நீதிபதி கேட்டார்: "உஸ்தாதா, உங்க கட்சிக்காரரே உங்களை வேண்டாம்கிறார். அரசியலமைப்பையே ஏத்துக்கல. அப்புறம் எந்தப் பிரிவை வெச்சு வாதாடப்போறீங்க?"

கல்தூம் சொன்னார்: "அவன் அதை ஏத்துக்கல ஐயா. அது அவனை ஏத்துக்குது. இல்லேன்னா அதுக்குப் பேரு அரசியலமைப்பு இல்ல."

வதை கூடாது என்று நாங்கள் எழுதிய பிரிவின்படி அந்த வாக்குமூலம் தள்ளப்பட்டது. அவன் உண்மையில் செய்தவற்றுக்கு நீண்ட தண்டனை கிடைத்தது. வெளியே வந்து அவர் என்ன சொன்னார் தெரியுமா? "செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும். அவனால பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கேயோ இருப்பாளே" என்றார். அன்று மாலை அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். உடைத்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இதுவரை தெரியவில்லை.

அரசியல் இஸ்லாமும் மக்களாட்சியும் ஒத்துப்போகுமா என்று வெளிநாட்டு நிருபர்கள் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் பொறுமையிழந்து சொன்னார்: "எலெக்ஷன்ல தோத்தா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கத் தெரியுமான்னு கேளுங்க. நாங்க தோத்தோம், எழுந்தோம். மத்தவங்களையும் இதையே கேளுங்க!"

அதன்பின் அதிபரின் ஒரே உத்தரவில் நாடாளுமன்றமே மூடப்பட்டது. வாசலில் கவச வண்டி நின்றது. நாங்கள் எழுதியது செல்லாது என்று வேறொன்று எழுதப்பட்டது. நம் ஊரில் ஜனங்கள் வீதியில் கார் ஒலி எழுப்பிக் கொண்டாடினார்கள். எனக்குக் கோபம் பொங்கியது. அவருக்கு வரவில்லை. "ஜனங்களைத் திட்டாதீங்க தோழரே. அவங்க ரொட்டி கேட்டாங்க. நாங்க ஆட்சியில உக்காந்துக்கிட்டுப் பிரிவு நம்பர் சொன்னோம்" என்றார். ஆனால் அவர் பேசாமலும் இருக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அரசுக்கு எதிரான சதி என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

நான்தான் அவருடைய வழக்கறிஞன். அவர் சர்க்கரை நோய்க்காரர். சிறையில் மருந்து வந்த நாட்களும் உண்டு. வராத நாட்களும் உண்டு. கடைசியாகப் பார்த்தபோது ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, அன்றும் சண்டைக்கு இழுத்தார். "இப்பவாவது ஒத்துக்கங்க, முதல் பிரிவுல நீங்க கேட்டது தப்புதானே?" என்றார். ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றேன். "நல்லது. யாராவது ஒருத்தர் ஒத்துக்காம இருக்கணும்" என்றார். அடுத்த வாரம் உடல்தான் வந்தது.

நண்பர்களே! அடக்கத்துக்கு அனீஸை விடவில்லை. அவனிடம் சொல்ல நான் சிறைக்குப் போனேன். ஏற்கெனவே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒன்று மட்டும் கேட்டான்.

"என் கேஸை இனிமே யாரு பாப்பாங்க மாமா?"

"நான்."

"நீங்க தொழுறதில்லையே."

"இல்ல. வாதாடுவேன்."

அவன் கண்ணாடித் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டான். காவலர் வந்து இழுத்துப்போகும்வரை எடுக்கவில்லை. அவன் மாறிவிட்டான் என்று உங்களிடம் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அது தெரியவேண்டிய அவசியமும் எனக்கில்லை.

அவன் வழக்கைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். நகங்களைப் பிடுங்கி வாங்கிய அந்த வாக்குமூலம் மீண்டும் நீதிபதியின் மேசைக்கு வந்திருக்கிறது. அதைத் தள்ளவைத்த சட்டம் இன்று இல்லை. அதற்காக வாதாடிய தாயும் இல்லை. நாங்கள் இருக்கிறோமா, இல்லையா? அதுதான் இப்போது கேள்வி!

இருக்கிறோம் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். அனீஸின் வழக்கை நான் நடத்துவேன். சதி வழக்கில் உள்ளேயிருக்கும் கல்தூமின் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவருக்காகவும், நான் எதிர்த்து வாக்களித்தவர்களுக்காகவும், என்னைக் காஃபிர் என்றவர்களுக்காகவும், சகோதரி நஜாத்தும் நானும் எங்கள் இளைய வழக்கறிஞர்களும் நிற்போம். வெல்வோம் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். பெரும்பாலும் தோற்போம். தோற்பதானாலும் எழுந்து நின்று, உரக்கப் பேசி, பதிவில் ஏற்றிவிட்டுத்தான் தோற்போம்.

வியாழக்கிழமை காலை விசாரணை. வாருங்கள். வந்து பெஞ்சுகளில் உட்காருங்கள். காலி மண்டபத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சுலபம். அதைச் சுலபமாக்கிவிடாதீர்கள்.

இப்போது கல்தூம் ஷெம்லிக்காகப் பிரார்த்திக்கத் தெரிந்தவர்கள் கைகளை ஏந்துங்கள். என்னைப் போலத் தெரியாதவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.