ஏலுமெண்டா வந்து பாருங்க

அஸ்ஸலாமு அலைக்கும்! அன்பான வணக்கம்!

தலைமைக் கதிரையிலே கைகளைப் பிசைந்தபடி, கடலையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் றோசமேரி அக்கா அவர்களே! எத்தாளை மீனவர் சங்கத்தின் தலைமையை இன்று அவரிடமிருந்து பொறுப்பேற்க வேண்டியவர், ஆனால் மேடைக்கு வராமல் வள்ளத்தடியில் நிற்பவர், நெய்னார் நானா அவர்களே! பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் வந்த பெரியவர்களே! பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன நடக்குமோ என்று நிற்கும் தாய்மாரே! வள்ளத்தில் ஏறிக் குந்தியிருக்கும் தம்பிமாரே, உங்களுக்கும்தான் வணக்கம். இறங்கச் சொல்லல்ல. கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க.

"உள்ளத்தை ஆள்வதும் ஊரை ஆள்வதும்" என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். உளவளத்துணை ஆலோசகர் முஃபீதா வருகிறாள், மூச்சைக் கவனி, மனதைக் கவனி என்று முழங்குவாள் என்று எதிர்பார்த்தீர்கள். நானும் புத்தளத்திலிருந்து பஸ்ஸிலே சொற்களை அழகழகாய் அடுக்கிக்கொண்டுதான் வந்தேன். வந்து பார்த்தால், வள்ளங்களிலே வலை இல்லை, அடிதடிக்குப் பொல்லு இருக்கிறது! அடுக்கி வந்த பேச்சு அத்தோடு போய்விட்டது.

நடந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேற்றைய காற்று நெய்னார் நானாவின் வலைகளை அறுத்துக்கொண்டு போனது. அவருடைய வீட்டுச் சோறே அந்த வலைதான். இன்று பகல், கடலுக்கு அக்கரையிலே உச்சமுனையிலிருந்து யூட் என்ற இளைஞன் அவருடைய போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். "உங்கட வலையெல்லாம் எடுத்துட்டம். ஏலுமெண்டா வந்து பாருங்க." முடிந்தால் வந்து பாருங்கள்! இவ்வளவுதான் மெசேஜ்.

நானா அதைத் தேத்தண்ணிக் கடையிலே பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பக்கத்திலிருந்த ஸியாத் அதை வாங்கிச் சத்தம்போட்டு வாசித்தார். அது சந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதிலே இல்லாத தூஷணமும் சேர்ந்துகொண்டது! ளுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையிலே ஓர் ஊரே சண்டைக்குக் கிளம்பிவிட்டது.

என்ன தம்பி? "கவுன்சிலிங் கதை வாணாம் மிஸ்" எண்டா? வாணாமெண்டா காதைப் பொத்திக்கொள்ளுங்க. மைக் என்ட கையில!

அவையோரே, அந்த மெசேஜுக்குக் குரல் உண்டா? முகம் உண்டா? முறைப்பு உண்டா? பிறகு அதற்குக் குரல் கொடுத்தது யார்? யூட்டா? எங்கள் ஆத்திரம் கொடுத்தது! எங்கள் அச்சம் கொடுத்தது! வலை போன வலி வாசித்தது, நாங்கள் வரிசையாய் நின்று ஆமாம் போட்டோம்.

தொண்ணூறிலே எங்கள் சனத்தையே வெளியேறச் சொன்னபோது, மன்னாரிலிருந்து உம்மாவின் இடுப்பிலே கைக்குழந்தையாய் வந்தவள் நான். யோசிக்காமல் போட்ட ஓர் உத்தரவு ஓர் ஊரை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனாலேதான் இங்கே நின்று கத்துகிறேன்.

நெய்னார் நானா! கோபப்படாதீங்க எண்டு சொல்ல நான் வரல்ல. வலை போனா எனக்கும் வயிறு எரியும். எரியட்டும்! ஆனால் எரிகிற வயிற்றின் கையிலா சுக்கானைக் கொடுப்பீர்கள்? பொல்லோடு போகிற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பி வருவார்களா? ஒருவன் வராவிட்டால், அவனுடைய உம்மாவின் வாசலிலே போய் நிற்கப்போவது யார்? இந்த முஃபீதாவா? ஸியாதா? தலைவராகிய நீங்கள்! அன்றைக்கு அந்தத் தாய்க்கு எதைக் காட்டுவீர்கள்? இந்த மெசேஜையா?

உட்காருங்கள். அந்த மணலிலேயே உட்காருங்கள் நானா. கோபம் வந்தால் நிற்கிறவர் உட்கார வேண்டும் என்று சின்ன வயதிலேயே பள்ளிவாசலில் சொல்லித் தந்தார்கள்தானே? கேலி இல்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆ... உட்கார்ந்துவிட்டார். தம்பிமாரும் இறங்குகிறார்கள். யாரும் கதைக்க வாணாம். மூச்சு வருவதைப் பாருங்கள். போவதைப் பாருங்கள். நெஞ்சு அடிக்கிறதா? அடிக்கட்டும், அதையும் பாருங்கள்.

இனி அந்த மெசேஜை மறுபடி வாசியுங்கள் நானா, பல்லைக் கடிக்காமல். வலை எடுக்கிறது எண்டா கடலிலே என்ன? சொல்லுங்கள் தாய்மாரே! ஓம், தண்ணியிலிருந்து இழுத்தெடுப்பதையும் எடுக்கிறது என்றுதானே சொல்வோம்? களவெடுத்தானா, காப்பாற்றி எடுத்தானா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. கேட்டால் என்ன குறைந்துபோகும்?

போனை எடுக்கிறார்! ஸ்பீக்கரில போடுங்க நானா, மைக்கோட வாறன். வழி விடுங்க, வழி விடுங்க.

"யூட்... வலை எங்க?"

"நானா! எத்தன தரம் கோல் எடுத்தன், ஏன் ஆன்ஸர் பண்ணல்ல? வலை பாறையில சிக்கிக் கிடந்திச்சு. நானும் அப்பாவும் இறங்கி எடுத்துட்டம். எங்கட எஞ்சின் பழுது, கொண்டுவர வழியில்ல. அதான் ஏலுமெண்டா வந்து பாருங்க எண்டு போட்டன். பிறகு சிக்கெடுக்கக்குள்ள அப்பாட கை ஆழமா வெட்டிட்டு நானா. ரெத்தம் நிக்குதில்ல. கெதியா ஒரு வள்ளம் அனுப்புங்க!"

கேட்டீர்களா? அவன் அழைத்தழைத்துப் பார்த்திருக்கிறான். நாங்கள் இங்கே பொல்லு வெட்டிக்கொண்டிருந்தோம்.

நானா, அழுறதுக்கு நேரமில்ல, எழும்புங்க. றோசமேரி அக்கா, ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்க. தம்பிமாரே, அதையெல்லாம் கீழே போடுங்க, காயப்பட்ட மனிதரைப் படுக்க வைக்க வள்ளத்தில் இடம் வேண்டும்.

பொறுமையோடும் பொறுமையில்லாமலும் கேட்டிருந்த பெரியோரே, தாய்மாரே, உங்களுக்கு என் நன்றி. பதவியேற்பு எப்போது என்று யாரோ கேட்கிறீர்கள். அதோ, இடுப்பளவு தண்ணீரிலே உங்கள் தலைவர் தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். போய்க் கை கொடுங்கள்! வஸ்ஸலாம், வணக்கம்.