காதுக்குள் ஓர் அட்மிரல்

— ஹெட்போனக் கழட்டு பூமிகா. நான் வந்து ஷூவே கழட்டிட்டேன்.

— இரு மாமா... இப்பதான் சப்மரீன் தண்ணிக்குள்ள போவுது.

— போவட்டும். தேர்வாய் கண்டிகையிலேர்ந்து கம்பெனி பஸ்ல நின்னுக்கினே வந்திருக்கேன். நாளு பூரா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவனுக்கு உக்கார சீட்டு இல்ல.

— பாவம். சாம்பார் அடுப்பு மேல இருக்குது.

— அந்த வெள்ளக்காரக் கெழவன் பேசறத டைப் அடிக்கத்தான் சொன்னாங்க. நீ இன்னாடான்னா சிரிச்சிக்கினு கேக்கற.

— கெழவன் இல்ல, ரியர் அட்மிரல், நேவியில பெரிய ஆபீசரா இருந்தவரு. அவரு பேசறது கம்ப்யூட்டருக்கே புரியலயாம். அதான் வாழ்க்கக் கதை மொத்தமும் என் கைக்கு வந்துக்குது.

— உனக்கு மட்டும் புரியுதாக்கும்.

— வாயில சோத்த வெச்சிக்கினு நீ பேசறதே எனக்குப் புரியுது.

— ...சரி. இன்னிக்கு இன்னா பண்ணாராம் தொர?

— பதினேழு வயசுல சேந்தவரு, இன்னிக்குக் கேப்டனாயிட்டாரு. கப்பல்ல கேப்டன் தனியாத்தான் சாப்புடணுமாம். மத்த ஆபீசருங்க கூப்ட்டாதான் அவங்ககூட போயி உக்காரலாமாம்.

— நானும் ஒரு மாசமா தனியாத்தான் சாப்புடறேன். எனக்கு மெடல் எங்க?

— பொறாமை.

— எனக்கா? எம்பது வயசு ஆளு மேலயா?

— எம்பத்தி நாலு.

— பாரு, வயசுகூட கரெக்டா வருது. என் பொறந்த நாளு?

— ஆடி மாசம்... இரு, தேதி...

— வோணாம் வுடு. நேத்திலேர்ந்து ஒரே எடத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கறியே, அதுல இன்னா சொல்றான்? ஐ லவ் யூவா?

— அத அப்பறம் சொல்றேன். வெள்ளச் சட்ட போட்டுக்கினு புதுவாயல் ஸ்டுடியோல போட்டோ புடிச்சியாமே, எதுக்கு? பக்கத்து வூட்டு சுகிர்தா பாத்துட்டு வந்து சொன்னா.

— கார்கோ கப்பல்ல ஆளு எடுக்கறாங்க. எழுதிப் போட்டேன்... கெடச்சிடுச்சி. ஒம்பது மாசம் கடலு.

— நீயா? சோழவரம் ஏரியில மொழங்கால் தண்ணிக்கே என் கையப் புடிச்சிக்கின ஆளு நீ. அட்மிரல் குப்புராஜ்.

— சிரி. கடலுக்குப் போனவன் பேச்சுதான உனக்குக் காதுல ஏறுது. நானும் போயி வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா... ஹெட்போன் போட்டுக் கேப்பன்னு நெனச்சேன்.

— லூசு மாமா நீ. இந்தா, அந்த எடத்த நீயே கேளு.

— தொர பேசறது எனக்கு எங்க புரியும்? நீயே சொல்லு.

— புயலு, சண்ட, அரண்மனையில மெடல் வாங்குனது... எல்லாம் சொல்றாரு, கொரலு ஆடவே இல்ல. "மொதப் புள்ள பொறந்தப்ப நான் கடல்ல இருந்தேன். கப்பலுக்குச் சேதி வந்துச்சி. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் போயித் தனியா சாப்ட்டேன்"ன்றாரு. அதுக்கப்பறம் பேச்சே இல்ல. மூச்சு மட்டும் கேக்குது. அங்க இன்னா டைப் அடிக்கறதுன்னு எனக்குத் தெரியல.

— அதுக்கு நீ ஏன் அழுவற?

— உன் கப்பலு ஒம்பது மாசம்ன்ற. டாக்டரம்மா எனக்கு இன்னும் ஏழு மாசத்துல புள்ள பொறந்துடும்ன்றாங்க. தட்ட எடுத்துக்கினு வா மாமா... மூணு பேரும் ஒண்ணா சாப்புடலாம்.