எல்லாப் பனிக்கும் ஆகிற பலகை

ஸ்கீ பலகை வாங்கப் போகிறவனுக்கு யோசனை சொல்லவே கூடாது, ஐயா. சொன்னால் கேட்க மாட்டான். தப்பித்தவறிக் கேட்டுவிட்டால், பிறகு வழுக்கி விழும்போதெல்லாம் நம்மைத்தான் திட்டுவான். எங்கள் மலையடிவாரத்தில் ரொட்டி சுடுகிறவர் முதல் பல் பிடுங்குகிறவர் வரை எல்லோருக்கும் பலகையைப் பற்றி ஒரு கருத்து உண்டு. என் கணவன் எவாரிஸ்தோ ஒருவரையும் விடாமல் கேட்டான். மூன்று குளிர்காலம் கேட்டான்.

நீங்கள் விசாரிப்பது பலகையைப் பற்றி இல்லை, கவ்வியைப் பற்றி என்று தெரியும். அதற்கு வருகிறேன். பலகையைச் சொல்லாமல் கவ்வியை மட்டும் சொன்னால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

எங்கள் மலை ஒரே மலை இல்லை. உச்சியில் காற்று பனியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருக்கும். நடுவில் லெங்கா மரக்காடு, அங்கே பனி இடுப்பளவுக்குப் பொதபொதவென்று கிடக்கும். கீழே ஏரிக்காற்று பட்டு மதியத்துக்குள் எல்லாம் கஞ்சியாகிவிடும். குறுகலான பலகை உச்சியில் கடித்து நிற்கும், காட்டில் புதைந்துவிடும். அகலமான பலகை காட்டில் மிதக்கும், உச்சியில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் நடுவில், எல்லாப் பனிக்கும் ஆகும் என்று சொல்லி ஒன்று விற்கிறார்கள். வயதான பிறகு கற்றுக்கொண்டு, கொஞ்சம் தேறியதும் கால் தரையில் படாமல் திரிகிறார்களே, அவர்கள் தேடி அலைவது அதைத்தான்.

என் பெயர் ஒடிலியா மெர்லாக். உங்களுக்கு முந்தைய தலைமுறையாக இருந்தால் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இருபத்தாறு வயது வரை போட்டிகளில் இறங்கினேன். ஒரு போட்டியில் விழுந்தேன். கவ்வி என்பது பூட்ஸைப் பலகையோடு பிடித்துக்கொள்கிற இரும்பு. ஆள் விழுந்து கால் முறுக்கினால் அது விட்டுவிட வேண்டும். எனக்கு விடவில்லை. பந்தயக்காரிகள் வேகத்தில் பலகை கழன்றுவிடக் கூடாதே என்று அதை இறுக்கி வைத்துக்கொள்வோம். பலகை ஒரு பக்கம் போனது, உடம்பு மறுபக்கம் போனது, நடுவில் இருந்தது என் இடது முழங்கால். அதற்குப் பிறகு நான் மேலே போகவில்லை.

மலையடிவாரக் காபிக்கடையில் ஜன்னலோரம் ஒரு மேசை உண்டு. பக்கத்துக் கதவு என் பெரியப்பா மகன் மில்கோவின் பலகைப் பட்டறை. பட்டறையில் ஆள் குறைந்தால் நான் போய்க் கவ்வி திருகிக் கொடுப்பேன், மற்ற நேரமெல்லாம் அந்த மேசைதான். எவாரிஸ்தோவை அங்கேதான் சந்தித்தேன். ரொசாரியோவிலிருந்து நண்பர்களோடு வந்திருந்தான். சமவெளிக்காரன், மலைமேல் ஏற்றிப் போகிற லிஃப்ட் நாற்காலியைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது. நண்பர்கள் மேலே போய்விட்டார்கள், இவன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். நான் மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நாள் முழுக்க அந்தக் குடுவை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. ஊரே மேலே போகும்போது கீழே உட்கார்ந்திருக்கிற இன்னொரு மனுஷன். எனக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம்.

பதினொரு வருஷம் அந்த மேசையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள்கூட எனக்கு அலுக்கவில்லை. அவனுக்கும் அலுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் திடீரென்று கற்றுக்கொள்கிறேன் என்றான். நான் சிரித்தேன், போய் வா என்றேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மில்கோவிடம் வாடகைக்கு எடுத்த பழைய பலகை, கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. மெத்தென்று வளையும், எதையும் தாங்காது. காற்று எழும்பினால் இறங்கி வந்துவிடுவான். உச்சியில் இறுகினால் வந்துவிடுவான், கீழே கஞ்சியானால் வந்துவிடுவான். நல்ல நாளில்கூட பதினொரு மணிக்கெல்லாம் மூக்கு சிவந்து என் எதிரே உட்கார்ந்திருப்பான். எந்த வளைவில் எப்படித் திரும்பினான் என்று உப்புக் குப்பியையும் கரண்டியையும் வைத்துக் காட்டுவான். நான் திருத்துவேன். அந்த நாட்களைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை. பனியே பார்த்து அவனை என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தது.

பிறகு தேறிவிட்டான். அதோடு ஆரம்பித்தது பலகைப் புராணம்.

நடு இடுப்பு அகலம் எண்பத்து நாலு மில்லிமீட்டரா, எண்பத்தெட்டா, தொண்ணூற்றாறா? நீளம் முகவாய் வரைக்குமா, மூக்கு வரைக்குமா? நுனி நிமிர்ந்ததா, தட்டையா? உள்ளே உலோகத் தகடு வேண்டுமா, வெறும் மரம் போதுமா? காலையில் ரொட்டியோடு இதுதான், ராத்திரி இறைச்சியோடு இதுதான். என் பிறந்தநாளுக்கு வந்தவர்களிடம் இதுதான். காஸ் சிலிண்டர் போட வந்த ஆளை நிறுத்தி வைத்துக் கேட்டான், ஐயா. அந்த ஆளும் சிலிண்டரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொன்னான். எனக்குக் காது புளித்துவிட்டது. மில்கோவே ஒரு நாள் பொறுமை இழந்து சொன்னான்:

"மச்சான், இவ்ளோ இடுப்பளவு தையக்காரன்கூடக் கேக்க மாட்டான். எதையாவது வாங்கித் தொலையேன்."

எவாரிஸ்தோ என்னையும் கேட்டான். எத்தனையோ தடவை கேட்டான், ஒரு தடவைகூட நான் சொன்னதை எடுத்துக்கொள்ளவில்லை. நான் சொன்னது குறுகலான பந்தயப் பலகை. இயந்திரம் சீவி வாரிய பாதையில் மட்டும் போகும், மற்ற பனியில் கால் வைக்காது. அவன் தேடுவதற்கு அது பொருந்தாது என்று எனக்கே தெரியும். ஆனால் இந்த ஊரில் எனக்குத் தெரிந்ததில் கால்வாசி யாருக்குத் தெரியும்? காஸ்காரன் பேச்சுக்குத் தலையாட்டினான். என் பேச்சுக்கு மட்டும், "நீ பந்தயத்துல இருந்தவ, உன் கணக்கு வேற" என்று சிரித்தான். வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

ஆகஸ்டில், எங்கள் பக்கம் அதுதான் நடுக்குளிர்காலம், ஒரு கனடாக்காரன் பாதிப் பருவத்தில் ஊர் திரும்பினான். போகிறவர்கள் பலகையை விற்றுவிட்டுப் போவது இங்கே வழக்கம், நாங்களெல்லாம் அப்படித்தான் நல்ல சரக்கு வாங்குவோம். அவனுடையது எண்பத்தெட்டு, மூக்கு உயரம், நுனி லேசாக நிமிர்ந்தது, அளவான விறைப்பு. எவாரிஸ்தோவுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது. மூன்று வருஷம் ஊரைக் கேட்டு, கடைசியில் சரியான பலகையை வாங்கிவிட்டான். தப்பானதை வாங்கியிருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

மில்கோ கவ்வியைப் பொருத்தினான். எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம் எல்லாம் பார்த்து, இறுக்கத்தை ஆறரை என்று வைத்தான்; எண் கூடக் கூடக் கவ்வி லேசில் விடாது. கருவியில் மாட்டிச் சோதித்தும் பார்த்தான். "ஆறரை, மச்சான். இதுல நீயும் கை வைக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தான். மில்கோ மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் பட்டறைக்கு நீங்கள் போட்ட பூட்டைத் திறந்துவிடுங்கள். அவனுக்கு இரண்டு குழந்தைகள், பருவம் தொடங்கப் போகிறது.

அன்றைக்குப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான் எவாரிஸ்தோ. அவ்வளவு பெரிய ஆள் சின்னப் பையன் மாதிரி இருந்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான்:

"இனிமே எந்தப் பனியா இருந்தாலும் நான் கீழ வரவேண்டியதில்ல, ஒல்லி. லிஃப்ட் நிக்கிற வரைக்கும் மேலயே இருக்கலாம்."

நான் நல்லது என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வாரம் மென்றுகொண்டிருந்தேன். கீழே வரவேண்டியதில்லை. கீழே இருப்பது நான்தான், ஐயா. அந்த மேசையில் என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது.

அந்த வாரம் முழுக்க அவன் மாலை ஐந்து மணிக்குத்தான் வந்தான். உப்புக் குப்பியைத் தொடவில்லை. சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாகப் போனது என்றான். ஒரு நாள் அவன் இறைச்சி வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, துணி துவைக்கும் அறையில் சாத்தியிருந்த பலகையை எடுத்தேன். திருப்புளியால் நாலு திருகு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கவ்வியில் சின்னக் கண்ணாடி உண்டு, எண் அதற்குள் தெரியும். கடைசி வரை திருகவில்லை. நான் அவ்வளவு கெட்டவள் இல்லை. ஒன்பதரையில் நிறுத்தினேன். என் முழங்கால் போன அன்று என் கவ்வியில் இருந்தது அதுதான். நான் தாங்கிக்கொண்டதை அவனும் தாங்கிக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். முழங்கால் மட்டும். கொஞ்ச மாதம் வலிக்கும், பிறகு கையில் தடியோடு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவான்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது எங்கே தெரியுமா? அவன் விழவே இல்லை. ஒவ்வொரு நாளும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்புத் தொப்பி வரும், திரும்பும், நிற்கும். அழகாகத் திரும்பினான். சொல்லிக் கொடுத்தவள் நானாயிற்றே. சீவி வாரிய பாதையில் அந்தப் பலகையோடு அவன் இந்த ஜென்மத்தில் விழப் போவதில்லை என்று தெரிந்துபோனது. ஒரு மனுஷி எவ்வளவுதான் காத்திருப்பாள்?

ராத்திரி மழை பெய்து காட்டுப் பனியெல்லாம் ஊறி, பலகையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி கனத்திருந்த காலையில், காபி ஆற்றிக்கொண்டே சொன்னேன்:

"இவ்ளோ நல்ல பலகைய வச்சுக்கிட்டு வாரி வச்ச பாதையிலயே போயிட்டு வர்றியே. காட்டுக்குள்ள எறங்கிப் பாரு."

கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நெஜமாவா சொல்ற? நான் அதுக்குத் தயாராயிட்டேனா?"

"தயார்தான்" என்றேன்.

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மற்றவர்கள் ஆயிரம் சொன்னாலும் நான் சொல்லக் காத்திருந்திருக்கிறான் பாருங்கள். பலகை விஷயத்தில் அவன் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரே தடவைதான். எனக்கு மனம் நிறைந்துவிட்டது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மீதி உங்களுக்குத் தெரியும். விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் ஒரு பலகை சொருகிக்கொண்டது, உடம்பு பள்ளத்துக்குள் தலைகீழாகப் போய்விட்டது. கவ்வி விடவில்லை, கையும் எட்டவில்லை. மீட்புக்காரர்கள் கண்டுபிடிக்க மூன்று மணி நேரமாகிவிட்டது. அதற்குள் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் நசுங்கி, காலையே எடுக்கவேண்டியதாகிவிட்டது. நான் போட்ட கணக்கு முழங்கால்தான். மீட்புக்காரர்கள் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அவர்களை யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை.

அவன் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் ஒரு குறை வைக்கவில்லை. குளிப்பாட்டினேன், இறைச்சியைச் சின்னதாக வெட்டிக் கொடுத்தேன், தினமும் சக்கர நாற்காலியில் ஜன்னலோர மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பழைய மாதிரியே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மாத்தே ஊற்றிக் கொடுத்தால் ஒரு குடுவை குடித்துவிட்டு "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தான். நன்றி சொன்னால் இனி ஊற்றாதே என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா. முதல் குடுவைக்கே தினமும் நன்றி சொன்னான். மருந்தெல்லாம் வாயைக் கசக்க வைக்கும்தானே. வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதும் எங்களுக்குப் புதிதில்லை.

புகார் கொடுத்தது அவன்தான் என்று இப்போது சொல்கிறீர்கள். தலைகீழாகத் தொங்கிய மூன்று மணி நேரமும் அந்தச் சின்னக் கண்ணாடி அவன் கண்ணெதிரேதான் இருந்ததாம். ஒன்பதரை, ஒன்பதரை என்று படித்துக்கொண்டே இருந்தானாம். அந்த வீட்டில் திருப்புளி பிடிக்கத் தெரிந்தது யாருக்கு என்று அவனுக்குத் தெரியாதா என்ன. சரி, நானும்தான் ஒத்துக்கொண்டுவிட்டேனே. காட்டுக்குப் போகச் சொன்னதும் நான்தான். இறுக்கியதும் நான்தான். இன்னும் என்ன கையெழுத்து வேண்டுமோ போட்டுத் தருகிறேன், ஆனால் சீக்கிரம் முடியுங்கள். நாலு மணிக்கு மேல் ஜன்னலில் வெயில் முகத்தில் அடிக்கும், நாற்காலியைத் திருப்பி வைக்க ஆள் வேண்டும்.

நேற்றே அவன் அக்கா வந்து ரொசாரியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்கிறீர்கள். நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த ஊரில் என்ன இருக்கிறது? ஆறும் கொசுவும். அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட்கூடக் கிடையாது. கோபத்தில் போயிருக்கிறான், கோபம் எத்தனை நாளைக்கு? நான் இங்கேயே காத்திருக்கிறேன், எனக்குப் பழக்கம்தான். என்னை விட்டுவிட்டு அந்த ஒற்றைக் காலோடு எங்கே போய்விடுவான்?